மெட்ரோ திட்டங்களும் மாநகரப் பேருந்துகளும்: பெங்களூருவில் ஒருங்கிணைப்பு எவ்வாறு நடைபெறுகிறது?

பெங்களூருவில் மெட்ரோ ரயில், புறநகர் ரயில், மேம்பாலம் என எந்தப் புதிய கட்டுமானம் தொடங்கினாலும், அதன் பாதிப்பை முதல் நாளிலேயே சந்திப்பது மாநகரப் பேருந்துகளே. பெங்களூரு பெருநகரப் போக்குவரத்துக் கழகம் (பிஎம்டிசி) 1997ஆம் ஆண்டு கர்நாடக மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி நிறுவனமானது. இன்று அதனிடம் 6,000-க்கும் மேற்பட்ட பேருந்துகள் உள்ளன. ஆனால் அவை ஓடும் சாலைகளில் ஒன்றுகூட அதற்குச் சொந்தமானது அல்ல. சாலையும் நிழற்குடையும் மாநகராட்சி அமைப்புகளின் பொறுப்பு. சிக்னலும் போக்குவரத்து மாற்றமும் காவல் துறையின் கையில் உள்ளன. மெட்ரோ, புறநகர் ரயில் ஆகியவற்றுக்குத் தனித்தனி நிறுவனங்கள் இயங்குகின்றன. எனவே பிற துறைகள் வகுக்கும் திட்டங்களுக்கேற்பத் தன் தடங்களை மாற்றிக்கொள்வது பிஎம்டிசியின் அன்றாட வேலையாகிவிட்டது.

இதன் நன்மையையும் சிரமத்தையும் ஒருசேரக் காட்டியது 2023ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு தற்காலிக ஏற்பாடு. அவ்வாண்டு மார்ச் 25 அன்று ஒயிட்ஃபீல்டு - கே.ஆர்.புரம் மெட்ரோ பாதை திறக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே இயங்கிவந்த பையப்பனஹள்ளி நிலையத்துடன் அது இணையவில்லை. இடையில் ரயில் பாதைக்கு மேலாக அமைய வேண்டிய பகுதி உட்பட சுமார் 2 கிலோமீட்டர் தூரப் பணி முடிவடைந்திருக்கவில்லை. அந்த இடைவெளியை இணைப்புப் பேருந்துகள் நிரப்பின. மெட்ரோவில் வந்த பயணி கே.ஆர்.புரத்தில் இறங்கி, பேருந்தில் ஏறி, பையப்பனஹள்ளியில் மீண்டும் மெட்ரோவைப் பிடித்தார். அக்டோபர் 9 அன்று இடைப்பட்ட பகுதி திறக்கப்படும் வரை, ஆறு மாதங்களுக்கும் மேலாக இந்நிலை நீடித்தது. தூரம் குறைவுதான். எனினும் ரயில் வரும் நேரத்துக்குப் பேருந்து காத்திருக்கவில்லை என்றால், மெட்ரோவில் மிச்சப்பட்ட நேரம் முழுவதும் அந்த 2 கிலோமீட்டரிலேயே கரைந்துவிடும்.

இதற்கு எதிர்மாறான அனுபவம் வெளிவட்டச் சாலையில் கிடைத்தது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த சில்க் போர்டு - கே.ஆர்.புரம் பகுதியில், 2019ஆம் ஆண்டின் இறுதியில் பேருந்துகளுக்கென முன்னுரிமைத் தடம் ஒதுக்கப்பட்டது. மாநகராட்சி தடுப்புக் கம்பங்களை நட்டது. காவல் துறை மற்ற வாகனங்களைத் தடுத்தது. பிஎம்டிசி பேருந்துகளை இயக்கியது. துறைகள் ஒன்றுகூடிச் செயல்பட்டதற்கு இது நல்ல முன்மாதிரியாகப் பேசப்பட்டது. ஆனால் அதே சாலையின் மேல் மெட்ரோவின் 2ஏ கட்டப் பாதை திட்டமிடப்பட்டிருந்தது. 2021 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்தது. கட்டுமானம் தொடங்கியதும் சாலை நடுவே தடுப்புகள் எழுந்தன. பேருந்துத் தடம் மறைந்தது. ஒரு பொதுப் போக்குவரத்துக்கு இடம் தருவதற்காக மற்றொரு பொதுப் போக்குவரத்து தன் இடத்தை இழந்தது என்பதே இதன் பொருள்.

சாலை குறுகும்போது பேருந்துக் கழகம் என்ன செய்கிறது? முதலில் காவல் துறையின் அறிவிப்பின்படி தடம் மாற்றப்படும். நிறுத்தங்கள் தள்ளி வைக்கப்படும். அதன் பின்னரே உண்மையான இழப்பு தெரியவரும். எடுத்துக்காட்டாக, ஒரு நடைக்கு 60 நிமிடங்கள் என்ற கணக்கில் நாளொன்றுக்கு எட்டு நடைகள் செல்லும் பேருந்தை எடுத்துக்கொள்வோம். நெரிசலால் நடை நேரம் 80 நிமிடங்களாக உயர்ந்தால், அதே பணி நேரத்தில் ஆறு நடைகளே இயலும். ஓட்டுநரும் நடத்துநரும் அவர்களே, பேருந்தும் அதுவே, சேவை மட்டும் நான்கில் ஒரு பங்கு குறைகிறது. பயணியின் கண்ணுக்கு இது பேருந்துப் பற்றாக்குறையாகத் தோன்றும். கட்டுமானத் திட்டத்தின் செலவுக் கணக்கிலோ இந்த இழப்பு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

கொள்கை அளவில் தீர்வுகளுக்குக் குறைவில்லை. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையம் தேவை என 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை பரிந்துரைத்தது. 2017ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கை மேலும் ஒரு படி சென்று, நிலையங்களின் இருபுறமும் 5 கிலோமீட்டர் பரப்புக்கு இணைப்புச் சேவை வழங்குவதாகத் திட்ட அறிக்கையிலேயே மாநில அரசுகள் உறுதியளிக்க வேண்டும் என்றது. கர்நாடகத்தில் நகர்ப்புற நிலப் போக்குவரத்து இயக்ககம் 2007ஆம் ஆண்டு முதலே செயல்பட்டாலும், முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட பெங்களூரு பெருநகர நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கான சட்டம் 2022 டிசம்பரில்தான் சட்டப்பேரவையில் நிறைவேறியது.

கட்டடங்களிலும் இந்தக் கால இடைவெளி தெரிகிறது. ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புத்தாக்கத் திட்ட நிதியுதவியுடன் பிஎம்டிசி பல போக்குவரத்து மேலாண்மை மையங்களைக் கட்டியது. அவற்றில் கெங்கேரி மையத்தை ஒட்டிய மெட்ரோ நிலையத்துக்குக் கெங்கேரி பேருந்து நிலையம் என்றே பெயர் அமைந்தது. எல்லா இடங்களிலும் இவ்வாறு வாய்க்கவில்லை. நிலம் கையகப்படுத்தும் கட்டத்திலேயே பேருந்து நிற்பதற்கான இடம் கேட்கப்படாவிட்டால், நிலையம் கட்டி முடித்த பின் சாலையோரமே நிறுத்தமாகிறது.

கால அட்டவணை மற்றொரு சிக்கல். 2025 ஆகஸ்டில் ஆர்.வி.சாலை - பொம்மசந்திரா மஞ்சள் பாதை திறக்கப்பட்டபோது, போதிய ரயில்கள் இல்லாததால் தொடக்கத்தில் 25 நிமிடங்களுக்கு ஒன்றே இயங்கியது. அத்தகைய பாதையில் இணைப்புப் பேருந்து ஐந்து நிமிடம் தாமதித்தாலே பயணி அரை மணி நேரத்தை இழக்கக்கூடும். கட்டணமும் பயணியின் தேர்வைத் தீர்மானிக்கிறது. 2023 ஜூன் முதல் 'சக்தி' திட்டத்தின்கீழ் கர்நாடகப் பெண்கள் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணிக்கின்றனர். மெட்ரோவில் அச்சலுகை இல்லை. எனவே ரயிலுக்கு மாறாமல், நெரிசலையும் பொறுத்துக்கொண்டு நேரடிப் பேருந்திலேயே செல்வதை வருவாய் குறைந்த பெண்கள் விரும்புவதில் வியப்பில்லை. நேரடித் தடங்களைக் குறைத்து அவற்றை மெட்ரோ இணைப்புத் தடங்களாக்கும் முன் இதனைக் கணக்கில் கொள்வது அவசியம்.

அடுத்ததாக, சுமார் 44 கிலோமீட்டர் நீளமுள்ள மூன்றாம் கட்ட மெட்ரோவுக்கு மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்துள்ளது. ஜே.பி.நகர் முதல் கெம்பாபுரா வரையிலான அதன் முதன்மைப் பாதை, நகரின் மேற்குப் பகுதி வெளிவட்டச் சாலையின் மேலாகச் செல்கிறது. மற்றொரு பாதை மாகடி சாலையில் அமைகிறது. இரண்டுமே மாநகரப் பேருந்துகள் அடிக்கடி செல்லும் சாலைகள்.