மக்களூன் உண்ணலும் அதன் காரணங்களும்: தமிழ்ச் சான்றுகள்வழி ஓர் ஆய்வு

மக்கள் மக்களூனை உண்டனர் என்னும் செய்தி பல நாட்டு வரலாறுகளிலும் காணப்படுவதொன்று. அஃது எவ்விடத்து மெய்யாக நிகழ்ந்தது, எவ்விடத்துக் கதையாகவோ பழியாகவோ கூறப்பட்டது எனப் பகுத்துணர்தல் வரலாற்றாசிரியர் கடனாகும். இப்பகுப்பிற்குத் தமிழ்ச் சான்றுகள் பெரிதும் துணைசெய்கின்றன. முதற்கண் நாட்டுப்புற வழக்கினை நோக்குவோம்.

நாஞ்சில் நாட்டின் கீழெல்லையில், திருநெல்வேலி மாவட்டத்தை அடுத்து அமைந்தது அஞ்சுகிராமம். அதனைச் சூழ்ந்த தென்கோடிப் பகுதி சுடலைமாடன், இசக்கி வழிபாடுகள் வேரூன்றிய நிலம். வில்லுப்பாட்டிற் பாடப்பெறும் சுடலைமாடன் கதையில், விளக்கின் சுடரினின்று பார்வதிக்குத் தோன்றிய குழந்தை நள்ளிரவிற் சுடுகாடு சென்று எரியும் பிணங்களைத் தின்கின்றது. இசக்கியின் உருவங்களுட் சில மகவொன்றை வாயிற் கவ்வியனவாக உள்ளன. இவற்றைக்கொண்டு இந்நிலத்து மக்கள் முன்னாளிற் பிணந்தின்றனர் என முடிவுசெய்தல் பொருந்தாது. கதையின் போக்கே அதனை மறுக்கின்றது. பிணந்தின்ற குற்றத்தினாலேயே அக்குழந்தை கயிலையினின்று நீக்கப்பட்டு நிலவுலகிற்கு அனுப்பப்பட்டது. மக்களும் அத்தெய்வத்திற்கு ஆடும் கோழியும் சோறுமே படைப்பர். ஆகலின் இங்குப் பிணந்தின்னல் என்பது அச்சத்தின் எல்லையைக் காட்டும் குறியென்றே கொள்ளத்தகும்.

இலக்கிய வழக்கும் இதனோடு ஒத்ததே. புறப்பொருள் வெண்பாமாலை வாகைத்துறைகளுள் ஒன்றாகக் களவேள்வியைக் கூறும். அம்மரபு வளர்ந்து கலிங்கத்துப்பரணியிற் பேய்கள் கூழடும் பகுதியாயிற்று. ஆண்டு உண்பவை பேய்கள். புகழப்படுவது முதற் குலோத்துங்கனின் வென்றி. பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் வரலாறோ இன்னும் நுண்ணியது. மகன் சீராளனின் ஊன் கறியாகச் சமைக்கப்படுகின்றது. எனினும் எவரும் அதனை உண்டாரில்லை. அழைத்தவுடன் மகன் ஓடிவருகின்றான். கறியும் விருந்தினராய் வந்த அடியவரும் மறைகின்றனர். அன்பின் உறுதியைக் காட்டவந்த சேக்கிழாரும் உண்ணல் என்னும் எல்லையைக் கடந்திலர்.

இனி, அயலாரைப் பற்றிய கூற்றுக்களை நோக்குதல் வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, அந்தமான் தீவினரை நாய்த்தலையர் என்றும் மக்களூன் தின்போர் என்றும் எழுதினார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தீவுகளிற் பல்லாண்டு வாழ்ந்து அம்மக்களின் மொழி கற்ற எட்வர்டு ஹொரேஸ் மேன், அப்பழிக்கு ஆதாரம் இல்லையென மறுத்தார். இத்தகைய பழிகள் வெறும் கதையளவில் நின்றுவிடவில்லை. 1503இல் இசுபானிய அரசி இசபெல்லா, மக்களூன் உண்போர் எனப்பட்ட கரீபியப் பழங்குடியினரைச் சிறைப்பிடித்து விற்க இசைவளித்தார். அடிமை கொள்ளுதற்கு அப்பெயரொன்றே போதிய காரணமாயிற்று. 1979இல் வில்லியம் ஆரன்சு என்னும் மானிடவியலார், வழக்கமாக மக்களூன் உண்ட சமுதாயம் என்பதற்கு நேரிற் கண்ட நம்பத்தகுந்த சான்று அரிதென வாதிட்டார். அவர் கருத்து மிகையென மறுத்தாரும் உளர். எனினும் சான்றினைச் சோதியாது ஏற்றலாகாது என்னும் அவரது எச்சரிக்கை கொள்ளற்பாலதே.

ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்ட நிகழ்ச்சிகளும் உள. அவற்றின் காரணங்களுள் முதன்மையானது பசி. 1884இல் மிஞ்ஞொனெட் என்னும் படகு கவிழ, உயிர்பிழைத்தோர் உடனிருந்த சிறுவனைக் கொன்று உண்டனர். இடுக்கண் கொலைக்கு நியாயமாகாது என ஆங்கில நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரணதண்டனை பின்னர் ஆறு திங்கட் சிறையாகக் குறைக்கப்பட்டது. 1972இல் ஆண்டீசு மலையில் வானூர்தி வீழ்ந்தபோது, 45 பேருள் 16 பேர் இறந்தோரின் ஊனால் 72 நாள் உயிர்தாங்கி மீண்டனர். மற்றொரு காரணம் இறந்தார்மாட்டு வைத்த அன்பு. பப்புவா நியூகினியாவின் போரே மக்கள் ஈமச்சடங்கின் பகுதியாக உறவினர் உடலை உண்டனர். 'குரு' என்னும் நோய் பெண்டிரிடத்தும் சிறாரிடத்தும் மிகுதியாகப் பரவியது இதனாலேயே என்பது ஆய்வாற் புலப்பட்டது.

இக்காரணங்களை மனத்துட்கொண்டு மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையை நோக்குதல் தகும். கலம் கவிழ்ந்து, முரிந்த மரம் பற்றிக் கரையேறிய சாதுவனை, நக்கசாரணர் நாகர் தமக்கு வாய்த்த உணவென்றே கருதினர். அவர்தம் மொழியை முன்னரே கற்றிருந்தமையால் அவன் உயிர்பிழைத்தான். முன்னர்க் கலம் கவிழ்ந்து வந்தோரைத் தாம் உண்டதைத் தலைவனே கூறுகின்றான். அறிவுரை கேட்ட பின்னரும், கள்ளையும் ஊனையும் கைவிட்டால் உயிர் ஓம்புதல் இயலாது எனத் தன் நிலையை மறையாது உரைக்கின்றான். அவனால் இயலாத அறத்தைச் சாதுவன் விதித்திலன். உடைகலத்தோடு வருவோரைக் கொல்லாது காக்க என்றும், மூத்துத் தாமே இறக்கும் விலங்குகளின் ஊனன்றிப் பிறவுயிர்க்குத் தீங்கு செய்யற்க என்றும் கூறினான். இந்நாகரை நிக்கோபார்த் தீவினரோடு இயைத்துக் கூறுவாரும் உளர். காப்பியக் கதையொன்றே அம்மக்கள்மேற் குற்றஞ்சாட்டப் போதிய சான்றாகாது. ஆயின் சாத்தனார் காரணம் வினவிய முறை வரலாற்று மாணாக்கர்க்குரியது. பிறர் வெறுப்பொன்றே கண்ட இடத்தில் அவர் உணவின் தேவையைக் கண்டார்.

காப்பியத்தில் இக்கதை அமைந்த இடமும் நோக்கத்தக்கது. அமுதசுரபியில் முதற்பிச்சை இடுபவள் சாதுவனின் மனைவி ஆதிரை. அப்பிச்சையை ஏற்கச் செல்லும் மணிமேகலைக்கு இக்கதையைக் கூறுபவளோ யானைத்தீ என்னும் தீராப் பசிநோயுற்ற காயசண்டிகை. மக்களை உண்டார் கதை முடியுமிடத்து மக்களுக்கு உணவளித்தல் தொடங்குகின்றது. பசியை நோயென்றும் அதனைத் தீர்த்தலை அறமென்றும் கொண்ட ஆசிரியர், இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தமை கருதிச் செய்ததே எனக் கொள்ளுதல் பொருந்தும்.