சென்னை வானிலே அகப்பட்ட சிறுகோள்கள்



"வானத்திலேருந்து பெரிய கல்லு விழப்போகுதாம், உலகமே அழியப்போகுதாம்" என்ற பேச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நம் லயங்களில் கிளம்புவதுண்டு. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்திலும் அப்படி ஒரு பேச்சு கைத்தொலைபேசி வழியே பரவியது. "நெசந்தானா வாத்தியாரே?" என்று பெரட்டு முடிந்து வந்த தாய்மார்கள் என்னைக் கேட்டார்கள்.

அந்தக் கல் உண்மைதான். 2024 டிசம்பர் 27ஆம் நாள் கண்டுபிடிக்கப்பட்டு, '2024 ஒய்.ஆர்.4' என்று பெயரிடப்பட்ட சிறுகோள் அது. 2032ஆம் ஆண்டில் அது பூமியில் மோதுவதற்கு நூற்றில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டு என்று ஒரு கட்டத்தில் கணக்கு வந்தது. வானநூலார் இரவுக்கு இரவு அதை அளந்துகொண்டே இருந்தார்கள். அளக்க அளக்க அதன் பாதை தெளிவாயிற்று. அதே மாத முடிவுக்குள் பூமிக்கு ஆபத்து ஏறக்குறைய இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் முதல் செய்தி பரவிய வேகத்தில் இரண்டாவது செய்தி பரவவில்லை!

இந்த அளக்கும் வேலைக்கு 200 ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தபால்காரர் தேடிய கோள்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சூரியனைச் சுற்றி வரும் பாறைகள் இலட்சக்கணக்கில் உள்ளன. இவற்றையே சிறுகோள்கள் என்கிறோம். இவற்றில் முதலாவதான சீரிஸ் என்பதை, 1801ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பியாட்சி என்ற பாதிரியார் கண்டார். சில வாரங்களில் அது சூரியனின் வெளிச்சத்திற்குள் போய் மறைந்துவிட்டது. 24 வயதே ஆன காஸ் என்ற ஜெர்மானிய இளைஞர், இருந்த சில அளவுகளை வைத்தே அது எங்கே வரும் என்று கணக்கிட்டார். அவர் சொன்ன இடத்திற்கு அருகிலேயே அந்த ஆண்டின் கடைசி நாளில் அது மறுபடியும் அகப்பட்டது!

1807க்குள் நான்கு சிறுகோள்கள் கிடைத்தன. அதன்பின் பலரும் தேடுவதை விட்டுவிட்டார்கள். பிரஷ்யா நாட்டின் திரீசன் என்ற சிற்றூரில் ஹென்க்கே என்று ஒருவர் இருந்தார். தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். வானநூல் அவருக்குப் பிழைப்பன்று, ஆசைதான். 15 ஆண்டுகள் தேடி, 1845இல் ஐந்தாவது சிறுகோளைக் கண்டார். உலகம் மறுபடியும் தேடத் தொடங்கியது.

பெரட்டுக் கணக்கு

எப்படித் தேடினார்கள்? பெரட்டில் தண்டல் ஆள் எண்ணுவதை நாம் அறிவோம். யார் யார் எங்கே நிற்பார்கள் என்று அவருக்குத் தெரியும். புது முகம் ஒன்று வரிசையில் நின்றால் சட்டென்று கண்டுகொள்வார் அல்லவா? வானத்திலும் அப்படித்தான். விண்மீன்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறுவது கண்ணுக்குத் தெரியாது. வானப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரி பார்க்க வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தெரிந்தால், மறுநாள் இரவும் பார்க்க வேண்டும். அது நகர்ந்திருந்தால் சிறுகோளாக இருக்கலாம். பொறுமையும், நாள் தவறாமல் குறித்து வைக்கும் பழக்கமுமே இதற்கு முக்கியம்.

சென்னையிலே கிடைத்த 'ஏசியா'

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு வானாய்வு நிலையம் கட்டினார்கள். அங்கே கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் உள்ளது. அதில் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள்.

1861இல் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் இந்நிலையத்தின் தலைவராக வந்தார். வந்த சில மாதங்களிலேயே, ஏப்ரல் 17ஆம் நாள், புதிய சிறுகோள் ஒன்றைக் கண்டார். ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அதுவே! எனவே 'ஏசியா' என்றே பெயர் வைத்தார். அதன் வரிசை எண் 67. தொடர்ந்து 1864இல் சாஃபோ, 1866இல் சில்வியா, 1868இல் கமில்லா, 1885இல் வேரா என மொத்தம் ஐந்து சிறுகோள்கள் சென்னையிலிருந்து உலகுக்குக் கிடைத்தன. இவற்றுள் சில்வியாவுக்கு இரண்டு நிலவுகள் இருப்பது 2005இல் தெரிய வந்தது. இரண்டு நிலவுகள் கொண்டதாக முதன்முதல் அறியப்பட்ட சிறுகோள் அதுதான்.

போக்சன் ஒருவரே இந்நிலையத்தை நடத்தினார் என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற உதவியாளர் இருந்தார். பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்தவர். 1840களில் சிறிய வேலையில் சேர்ந்து, வேலையிலேயே கற்று உயர்ந்தவர். ஒளி கூடிக் குறையும் தென்வான விண்மீன் ஒன்றை 1867இல் கண்டறிந்த பெருமை இவருக்கு உண்டு. 1872இல் இங்கிலாந்தின் அரச வானநூற் சங்கம் இவரை உறுப்பினராக ஏற்றது. 1874 டிசம்பரில் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்து சென்றபோது, "இது கெட்ட சகுனமல்ல, கணக்குக்கு அடங்கிய காட்சி" என்பதைப் பொதுமக்கள் உணரும்படி நூல் எழுதி, இந்திய மொழிகளிலும் வெளியிட்டார்.

போக்சனின் மகள் எலிசபெத் ஐசிஸும் 1873 முதல் அங்கே உதவியாளராக உழைத்தார். 1886இல் அவர் பெயரை அதே சங்கத்துக்கு முன்மொழிந்தபோது, பெண் என்பதால் ஏற்கவில்லை. 1920இல்தான் ஏற்றார்கள். 34 ஆண்டுகள்! நம் பெண்பிள்ளைகள் இதை மறக்கக் கூடாது.

வேரா கிடைத்து 103 ஆண்டுகளுக்குப் பிறகு, 1988 பிப்ரவரி 17ஆம் நாள், ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வு நிலையத்தில் ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு 'ராமானுஜன்' என்று பெயர். ஈரோட்டில் பிறந்து, சென்னைத் துறைமுகத்தில் கிராணி வேலை பார்த்துக்கொண்டே கணக்குப் போட்ட அந்த மேதையின் பெயர் இன்று வானத்தில் சுற்றுகிறது.

கேலாங்கின் வெளிச்சமும் தோட்டத்தின் இருட்டும்

போக்சன் செய்த இன்னொரு காரியம் உண்டு. விண்மீன்களின் ஒளியை ஒன்று, இரண்டு என்று தரம் பிரிப்பது பழைய வழக்கம். 1856இல் அவர் அதற்குச் சரியான கணக்கு வகுத்தார். முதல் தர விண்மீன் ஆறாம் தர விண்மீனைப் போல 100 மடங்கு ஒளியுடையது என்பது அக்கணக்கு. உலகம் இன்றும் அதையே பின்பற்றுகிறது.

பள்ளி விடுமுறையில் நான் சிங்கப்பூர் கேலாங்கில் உள்ள அக்காள் வீட்டுக்குப் போவது வழக்கம். லோரோங் சந்துகளிலும் கடைகளிலும் விடிய விடிய வெளிச்சம். அங்கே அடுக்குமாடி நடைபாதையில் நின்று பார்த்தால் முதல் தரம், இரண்டாம் தரம் அளவுள்ள சில விண்மீன்களே தெரிகின்றன. உலகிலேயே இரவு வானம் அதிகமாக வெளுத்துப்போன நாடு சிங்கப்பூர் என்று 2016இல் வெளியான ஆய்வு ஒன்று கூறியது. "மாமா, வானத்துல ஒண்ணுமே இல்லியே" என்கிறார்கள் அக்காள் பிள்ளைகள். இருந்தாலும் குறை சொல்வதற்கில்லை. 1977இல் திறக்கப்பட்ட அறிவியல் நிலையம் அவர்களுக்குத் தொலைநோக்கியைக் காட்டித் தந்திருக்கிறது.

நம்மிடம் தொலைநோக்கி இல்லை, இருட்டு இருக்கிறது. செம்பனைக் காட்டுக்கு மேலே, நிலவில்லாத இரவில், ஐந்தாம் தர விண்மீனும் தெரிகிறது. வெஸ்டா என்ற சிறுகோள் பூமிக்கு அருகில் வரும் காலங்களில் நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் நம் பெரியவர்கள் விடிவெள்ளியை எத்தனை ஆண்டுகளாகப் பார்த்து வருகிறார்கள்! இந்தச் செல்வம் கேலாங்கில் இல்லை.

2029ஐ நினைவில் வையுங்கள்

2029 ஏப்ரல் 13ஆம் நாள் அபோஃபிஸ் என்ற சிறுகோள் பூமிக்கு மேலே சுமார் 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்து போகும். அது மோதாது, அடுத்த நூறு ஆண்டுக்கேனும் அதனால் ஆபத்தில்லை என்று அளந்து சொல்லிவிட்டார்கள். அப்படியே ஒன்று மோத வருமானால், அதைத் திருப்பிவிடவும் மனிதன் பழகத் தொடங்கிவிட்டான். 2022 செப்டம்பரில் டார்ட் என்ற அமெரிக்க விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறு பாறையில் மோதி, அதன் சுற்றுக் காலத்தை ஏறக்குறைய 33 நிமிடம் குறைத்துக் காட்டியது.

ஆனாலும் 2029இல் பழைய வதந்தி மறுபடியும் நம் லயத்துக்கு வரத்தான் செய்யும். அப்போது, "பயப்படாதீங்க பாட்டி, தூரத்தைக் கணக்குப் போட்டுட்டாங்க" என்று சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை வேண்டும். அதற்குப் பெற்றோர் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒரு ஐம்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். வாரம் ஓர் இரவு, கால் மணி நேரம், பிள்ளையோடு வாசலில் நில்லுங்கள். நாள், நேரம், கண்டது ஆகிய மூன்றையும் அவன் எழுதட்டும்; அவள் எழுதட்டும். நோட்டு நிறைந்ததும் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள், நாம் சேர்ந்து பார்ப்போம்.

வளர்க வானநூல் ஆர்வம்! வாழ்க நம் பள்ளி!