வுட் சகோதரர்கள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்டூவர்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஸ்டாக் கார் பந்தயக் குடும்பம். மரத்தொழிலில் இருந்த கிளென் வுட் (1925–2019) 1950-இல் உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து பழைய ஃபோர்டு கார் ஒன்றை ஓட்டத்துக்குத் தயார் செய்தார். சுற்றுவட்டாரத்தின் சிறு களங்களே இவர்களின் பள்ளிக்கூடம். கிளென் ஓட்டுநராகப் பெற்ற நான்கு முதல்நிலை நாஸ்கார் வெற்றிகளும் வின்ஸ்டன்-சேலம் நகரின் போமன் கிரே அரங்கில் கிடைத்தவை.

தம்பி லியனார்ட் (பிறப்பு 1934) எஞ்சின் வேலையில் மேதை. ஆயினும் இவர்களின் பெரிய கொடை, களத்தோரப் பணிதான். டயர் மாற்றவும் பெட்ரோல் நிரப்பவும் ஆகும் ஒவ்வொரு வினாடியும் வெற்றியைத் தீர்மானிக்கும் என்பதை முதலில் உணர்ந்து, ஒவ்வொருவரின் அசைவையும் ஒழுங்குபடுத்தினார்கள். 1965-இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஜிம் கிளார்க்கின் லோட்டஸ் காரைக் கவனித்தவர்களும் இவர்களே, கிளார்க் வென்றார்.

இவர்களின் 21-ஆம் எண் கார் டேடோனா 500 பந்தயத்தை ஐந்து முறை வென்றது: 1963, 1968, 1972, 1976, 2011. இவற்றுள் 1976 மறக்க முடியாதது. கடைசி வளைவில் இவர்களின் காரை ஓட்டிய டேவிட் பியர்சனும் போட்டியாளர் ரிச்சர்ட் பெட்டியும் மோதிச் சுழன்றனர். பெட்டியின் எஞ்சின் நின்றுவிட்டது. பியர்சன் கிளட்சை மிதித்து எஞ்சினை அணையவிடாமல் காத்து, முகப்பு நசுங்கிய காரை ஊர்ந்தபடியே எல்லைக்கோட்டைக் கடக்கச் செய்தார்.