அட்டை இருக்கிறது, நர்சம்மா எங்கே?

சென்னை திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரியை ஜனங்கள் இன்றைக்கும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். 1885இல் மேரி ஷார்லிப் என்ற வெள்ளைக்கார டாக்டரம்மா முன்நின்று தொடங்கிய ஆஸ்பத்திரி அது. 'சாதி மற்றும் கோஷாப் பெண்களுக்கான' விக்டோரியா ஆஸ்பத்திரி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கோஷா என்றால் முக்காடிட்ட முஸ்லிம் பெண்கள். சாதிப் பெண்கள் என்றால் சாதி இந்துப் பெண்கள். பேச்சில் 'கோஷா' நிலைத்துவிட்டது, 'சாதி' உதிர்ந்துவிட்டது. பெண்களுக்கான முன்னோடி மருத்துவமனை என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள், அந்தப் பெயர்ப் பலகையில் இடமில்லாமல் போனவள் யார் என்று கேட்பதில்லை. சேரிப் பெண்ணுக்கு வயிற்று வலி வந்திருக்காதா என்ன?

தொடுவதுதான் மருத்துவம். சீழையும் ரத்தத்தையும் தொடுவது தீட்டு என்று ஒதுங்கியவர்கள் நாட்டில், நர்ஸ் வேலைக்கு முதலில் வந்தவர்கள் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களும். பிறகு அரசாங்கம் கிராமத்துக்கு நர்சை அனுப்பியது. அவர் எதுவரைக்கும் வந்தார் என்பதை மதுராந்தகம் பக்கத்தில் பிறந்து வளர்ந்த என் அம்மா சொல்லுவார்:

"மொத வந்த நர்சம்மா தெருமுனையிலயே நின்னுக்கும். கொழந்தைங்கள அங்க தூக்கினு வரச் சொல்லும். அது மாத்தலாகிப் போனப்புறம் இன்னொண்ணு வந்துச்சு, நம்ம ஜனம். நேரா உள்ள வந்து பாயில குந்திச்சு. குடுத்த கூழக் குடிச்சிட்டுதான் வயித்தத் தொட்டுப் பாத்துச்சு. ஆனா ஊர்த் தெருவுல அதுக்குத் திண்ணையோட சரி."

இந்த இரண்டு நர்சம்மாக்களையும் எந்த சுகாதாரத் துறை அறிக்கையிலும் பார்க்க முடியாது.

இன்னொரு வரலாறும் நமக்கு இருக்கிறது, நாமே மறந்துவிட்டது. தொழிலாளிக்கு நோய்க் காப்பீடு வேண்டும் என்று பேராசிரியர் அடார்க்கர் 1944இல் அறிக்கை கொடுத்தபோது, வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை அண்ணல் அம்பேத்கரின் கையில் இருந்தது. 1946இல் மசோதா வந்தபோதும், 1948இல் அது இ.எஸ்.ஐ. சட்டமானபோதும் அந்தத் துறைக்கு மந்திரி ஜகஜீவன்ராம். காங்கிரஸ்காரர் என்பதால் அவர் பெயரைச் சொல்ல நம்மில் பலர் தயங்குவார்கள். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. 1952இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய திட்டம், 1955இல் கோயமுத்தூர் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது. தொழிலாளிக்கு மட்டுமல்ல, அவன் குடும்பத்துக்கும் மருந்து, பிரசவம் ஆன பெண்ணுக்குச் சம்பளம் என்று விரிந்தது.

ஆனால் சட்டம் ஆள் கணக்குப் பார்க்கும். நாகல்கேணி தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்ற என் அப்பாவின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அம்மா ஒரு அலுவலகக் கட்டடத்தில் பதினோரு வருசம் கக்கூஸ் கழுவினார். நான்கு கான்ட்ராக்டர்கள் மாறினார்கள். மாதாமாதம் இ.எஸ்.ஐ. பிடித்தார்கள். நூற்றுக்கு ஒன்றே முக்கால் ரூபாய், 2019 ஜூலைக்குப் பிறகு முக்கால் ரூபாய். வேலை மாறினாலும் தொழிலாளிக்கு ஒரே எண்தான் என்பது விதி. ஒவ்வொரு கான்ட்ராக்டரும் புது எண் போட்டார்கள். அறுபது ஆகிவிட்டது என்று நிறுத்தியபோது இ.எஸ்.ஐ.யும் நின்றது.

இப்போது அம்மாவுக்குக் காலில் சர்க்கரைப் புண். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். எங்களிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012இல் வேறு வடிவம் எடுத்து, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு சேர்ந்து, ஐந்து லட்சம் வரைக்கும் வந்திருக்கும் அட்டை. நான் அதைக் குறை சொல்லவில்லை. இதய ஆபரேஷன் செய்துகொண்டு உயிரோடு நடமாடுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் அது படுக்கையில் சேர்த்துப் பார்க்கும் வைத்தியத்துக்கான அட்டை. வீட்டுக்கு வந்து கட்டு மாற்றும் நர்சிடம் அது செல்லாது. காலை எடுக்க வேண்டும் என்ற நிலைமை வந்தால் அட்டை உதவிக்கு வரும். காலைக் காப்பாற்ற வராது.

வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் கம்பெனி ஒன்றுக்குப் போன் போட்டேன். காப்பீடு எடுத்துக்கொள்ள மாட்டோம், காசுதான் என்றார்கள். சரி என்றேன். அஸ்தினாபுரத்தில் எந்தப் பக்கம் என்றார்கள். காலனியின் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அந்தப் பக்கம் வர ஆள் இல்ல மேடம்."

கிராமமாக இருந்தால் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கொரு கிராம சுகாதார நர்ஸ் என்று கணக்கு உண்டு. எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள், யாருக்குச் சர்க்கரை என்று அவருடைய நோட்டில் இருக்கும். ஊர் நகரமானால் அந்தக் கணக்கு போய்விடும். 2013இல் வந்த நகர்ப்புற சுகாதாரத் திட்டத்தில் ஐம்பதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். பல்லாவரம் நகராட்சியில் இருந்த எங்கள் அஸ்தினாபுரம் 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சிக்குள் போனது. வீட்டு விலை ஏறியது.

நர்சுகளைத் திட்ட எனக்கு மனசு வராது. 2015இல் தேர்வு எழுதி அரசு வேலைக்கு வந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் அவர்கள் உட்கார்ந்ததைப் பார்த்தோம். கான்ட்ராக்டில் இருக்கிற நர்சும் கான்ட்ராக்டில் இருந்த என் அம்மாவும் வேறு வேறு ஆட்கள் இல்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண் மாதம் ஒருமுறை சர்க்கரை மாத்திரை கொண்டுவந்து தருகிறார். பிரஷர் பார்க்கிறார். உள்ளே வந்து உட்காருகிறார். கட்டு மாற்றும் வேலை அவருடையது இல்லை. அதற்கு நானும் தங்கச்சியும் மாற்றி மாற்றி லீவு போட்டு அம்மாவை ஆட்டோவில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறோம்.

இ.எஸ்.ஐ. விதியில் ஒரு வழி இருக்கிறது. ஐந்து வருசமாவது காப்பீட்டில் இருந்து வயதாகி ஓய்வு பெற்றவர், வருசத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தொடர்ந்து வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவின் பதினோரு வருசம் நான்கு எண்களில் சிதறிக் கிடக்கிறது. ஒன்றாகச் சேர்த்துக் காட்டச் சம்பளச் சீட்டு வேண்டும். அரிசிப் பானைக்குப் பின்னால், டிரங்குப் பெட்டியில், சாமி படத்துக்கு அடியில் தேடிக்கொண்டிருக்கிறோம். மூன்றாவது கான்ட்ராக்டரின் சீட்டு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.