ஒரு பவுண்டு பஞ்சு, பொள்ளாச்சி வரை

1997-ல் வெளிவந்த அல்டிமா ஆன்லைன் என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டில் டிராகன் உண்டு, மந்திரவாதி உண்டு. கூடவே ஒரு டெய்லரும் உண்டு! வயலில் பருத்தி பறிக்கவேண்டும். ராட்டையில் ஒரு க்ளிக், நூல். தறியில் ஒரு க்ளிக், துணி. தைக்கத் தைக்க, கைத்திறன் பாயிண்ட் ஏறும். சொதப்பினால் துணி போச்சு. அவ்வளவுதான்.

இதே ஆட்டத்தைக் கோயமுத்தூர் நிஜத்தில் ஆடியிருக்கிறது. என்ன, க்ளிக்குகளின் விலைதான் கொஞ்சம் ஜாஸ்தி.

முதலில் பஞ்சு. கொங்கு நாட்டின் பழைய ரகங்களான உப்பம், கருங்கண்ணி எல்லாம் மழையை நம்பி விளைந்தவை. இழை குட்டை. குட்டை இழையில் மெல்லிய நூல் எடுத்தால் பட்டென்று அறுந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி வந்தது. கிணற்றுப் பாசனத்தில் விளைகிற, இழை நீளமான ரகம். இழை நீண்டால் நூல் மெலியும். நூல் மெலிந்தால் விலை ஏறும்.

நூலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 840 கெஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் தேறுகிறதோ, அதுதான் நூலின் நம்பர். மில் பாஷையில் கவுண்ட். அறுபதாம் நம்பர் என்றால் 50,400 கெஜம், அதாவது சுமார் 46 கிலோமீட்டர். அரைக் கிலோகூட இல்லாத பஞ்சு அது! உக்கடத்தில் ஒரு முனையைக் கட்டிவிட்டுப் பொள்ளாச்சி பஸ் ஏறினால், ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் கையில் நூல் மிச்சமிருக்கும்.

அடுத்து மெஷின். 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் ஆரம்பித்த மில்தான் ஊரின் முதல் பஞ்சாலை. அது நீராவிக் காலம். நிலக்கரி வெளியூரிலிருந்து வந்தாகவேண்டும். எனவே மில்கள் நிதானமாகத்தான் பெருகின. 1932-ல் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கி வந்தது. பருத்தி பக்கத்தில், கரண்ட் மலையில். அப்புறமென்ன? மளமளவென்று மில்கள் முளைத்தன. 'தென்னிந்திய மான்செஸ்டர்' என்று பெயரும் வந்துவிட்டது.

ஆனால், பஞ்சு தானாக நூலாகிவிடாது. புளோ ரூமில் உதறி, கார்டிங்கில் சீவி, டிராயிங்கில் இழுத்து, முறுக்கி... ஒவ்வொரு கட்டத்திலும் மனிதர்கள் நின்றார்கள். காதில் மெஷின் சத்தம், மூச்சில் பஞ்சுத் தூசி. கூலி உயர்வு கேட்டார்கள், சங்கம் வைத்தார்கள். நிர்வாகங்களோடு மோதல் முற்றியது.

அந்த மோதலுக்கு நடுவே நிகழ்ந்த ஒரு கொலை வழக்கில், ரங்கவிலாஸ் மில்லைச் சேர்ந்த நான்கு தொழிலாளிகளுக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். 1946, ஜனவரி 8 அன்று கோவை மத்திய சிறையில் நால்வரும் தூக்கிலிடப்பட்டார்கள். சுதந்திரத்துக்குப் பத்தொன்பது மாதங்களே பாக்கி. சின்னியம்பாளையம் தியாகிகள் என்று இன்றைக்கும் ஜனவரி 8-ல் கோவைத் தொழிற்சங்கங்கள் அவர்களை நினைவுகூர்கின்றன.

கம்ப்யூட்டர் ஆட்டத்தில் தோற்றால் துணி மட்டும்தான் போகும்.

அடுத்த முறை சட்டைப் பொத்தான் அறுந்து தொங்கும்போது, அந்த நூலை இழுத்து எறியுமுன் ஒரு நிமிஷம் பாருங்கள். மெல்லியதுதான். ஆனால், ரொம்ப நீளம்.