சிறுகோள் தேடிய வரலாறு

வானத்திலே ஒரு பொருள் கண்ணுக்குத் தென்படுவது வேறு. அதனை இன்னதென்று கண்டறிவது வேறு. சிறுகோள்களைத் தேடிய இருநூறு ஆண்டு வரலாறு இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்த்துகின்றது.

1801ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் இரவு, சிசிலித் தீவின் பலேர்மோ நகரிலே பியாட்சி என்னும் துறவியார் விண்மீன் பட்டியலுக்காக வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அன்று இடப இராசியில் அவர் குறித்த மங்கலான விண்மீன் ஒன்று மறுநாள் சற்றே இடம்பெயர்ந்திருந்தது. பெப்ரவரி 11ஆம் நாள் வரை அதனைப் பின்தொடர்ந்தார். பின்னர் அவர் நோயுற்றார்; பிறர் தேட முற்படுமுன் அப்பொருளும் ஞாயிற்றின் ஒளியில் மறைந்தது. மீண்டும் வெளிப்படுங்கால் அதனை எங்கே தேடுவது?

ஜேர்மனியிலே 24 வயதினரான கவுஸ் என்னும் கணித மேதை, பியாட்சி குறித்து வைத்த சில அளவைகளைக் கொண்டே அதன் பாதையைக் கணித்தார். அவ்வாண்டின் இறுதி நாளன்று, அவர் சுட்டிய இடத்தின் அருகிலேயே ஃபொன் சாக் என்பார் அதனைக் கண்டார். அதுவே சீரிஸ். புள்ளியைக் கண்டது கண். அதனை மீட்டுத் தந்தது கணிதம்.

1891ஆம் ஆண்டு டிசம்பரில், ஐடல்பேர்க் நகரத்து மக்ஸ் வொல்ஃப் புகைப்படத்தைத் துணைக்கொண்டார். நெடுநேரம் பதிவு செய்த தட்டிலே விண்மீன்கள் புள்ளிகளாகவும், அசையும் சிறுகோள் சிறு கோடாகவும் தோன்றின. இவ்வாறு அவர் இருநூற்றுக்கு மேற்பட்ட சிறுகோள்களைக் கண்டறிந்தார். ஆயினும் தட்டினை உற்று நோக்கும் கண்கள் மனிதருடையனவே.

அப்பணி 1990ஆம் ஆண்டிலே கணினியின் கைக்கு மாறத் தொடங்கியது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக் கிட் மலையுச்சியிலே, 'ஸ்பேஸ்வாட்ச்' குழுவினர் வானத்தின் ஒரே பகுதியை அரைமணி அளவு இடைவெளியில் மும்முறை பதிவு செய்தனர். மூன்று படங்களையும் ஒப்பிட்டு, நேர்கோட்டிலே சீராக இடம்பெயரும் புள்ளியைக் கணினி நிரலே தேடியது. அவ்வாண்டு செப்டெம்பர் 25ஆம் நாள், பூமியை நெருங்கும் சிறுகோள் ஒன்று முதன்முதலாக இவ்வாறு அகப்பட்டது.

இத்தேடல் வெறும் வேடிக்கையன்று. 2013ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள், ஏறத்தாழ 20 மீற்றர் அகலமுள்ள கல்லொன்று உருசியாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கருகே வானில் வெடித்தது. ஏறத்தாழ 1,500 பேர் காயமுற்றனர். அது ஞாயிற்றின் திசையிலிருந்து வந்தமையால் எவரும் முன்னறிந்திலர். காண முடியாததைக் காணாதிருத்தல் குற்றமன்று. ஆனால், படத்திலே பதிந்ததையும் தவறவிட்டால்?

அவ்வாறும் நிகழ்ந்தது. 'அட்லஸ்' என்னும் வான் கண்காணிப்பு அமைப்பு, ஒரே இரவில் எடுத்த நான்கு படங்களிலும் தோன்றும் பொருளையே சிறுகோளென ஏற்றுவந்தது. 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 180 மீற்றர் அகலமுள்ள ஒன்று அதன் படங்களிற் பன்முறை பதிந்தும், பால்வீதியின் விண்மீன் நெரிசலால் எந்த இரவிலும் நான்கு முறை தென்படவில்லை. ஆதலால் அது கணக்கில் ஏறாது கிடந்தது.

வாசிங்டன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'கீலியோலிங்க்' என்னும் மென்பொருள் வேறுவழியில் ஆராய்கின்றது. ஞாயிற்றிலிருந்து பொருளின் தூரமும் வேகமும் இவ்வளவு எனப் பலவாறு அனுமானித்து, வெவ்வேறு இரவுகளின் புள்ளிகள் ஒரே பாதையிற் பொருந்துகின்றனவா என்று பார்க்கின்றது. பழைய படங்களில் அதனைப் பரீட்சித்தபோதே அச்சிறுகோள் அகப்பட்டது. 2022 எஸ்எஃப்289 எனப் பெயரிடப்பட்ட அது, 2023ஆம் ஆண்டு யூலையில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அண்மைக் காலத்தில் அதனாற் பூமிக்கு ஆபத்தில்லை.

சிலி நாட்டிலே அமைந்த வேரா ரூபின் வானாய்வகத்தின் பெருந்தொலைநோக்கிக்காகவே இம்மென்பொருள் ஆக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு யூனில் வெளியிடப்பெற்ற அதன் முதற் படங்களிலேயே, முன்னர் அறியப்படாத 2,104 சிறுகோள்கள் காணப்பட்டன. இத்துணைப் பெருந்தொகையை மனிதக் கண் தேடித் தீர்த்தல் இயலாது.

எனினும் கணினி மனிதனை வென்றதெனக் கூறுதல் பொருந்தாது. சிதறிய சில குறிப்புகளிலிருந்து ஒரு பாதையை உய்த்துணர்ந்தார் கவுஸ். அதே கலையை நாம் இயந்திரத்துக்குக் கற்பித்திருக்கின்றோம். அது எதனைத் தேடவேண்டும், எதனை விடவேண்டும் என்னும் விதியை வகுப்பவன் இன்றும் மனிதனே. ஒரு விதி குறுகியதாயின், படத்திலே பதிந்த மலையும் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே கருவியைக் கூர்மையாக்குவதோடு, நாம் வகுத்த விதியை மீட்டும் ஐயுற்று ஆராய்தலும் அறிஞர் கடனாகும்.