பயன்தொடக்க ஆற்றல் (நியூட்ரினோ வினைகள்)

ஓய்வில் உள்ள ஒரு துகளை நியூட்ரினோ மோதிப் புதிய துகள்களை உண்டாக்க, அதனிடம் இருந்தாக வேண்டிய மிகக் குறைந்த ஆற்றல். விளையும் துகள்களின் மொத்த நிறையை வர்க்கமாக்கி, அதிலிருந்து இலக்கின் நிறையின் வர்க்கத்தைக் கழித்து, இலக்கு நிறையின் இரு மடங்கால் வகுத்தால் விடை கிடைக்கும். நிறைகளை ஆற்றல் அலகில் எழுத வேண்டும். நியூட்ரினோவின் நிறை மிகச் சிறியது என்பதால் அதை விட்டுவிடலாம்.

இயற்பியலாளர் பாலி 1930இல் ஊகித்த நியூட்ரினோவை 1956இல் ரெய்ன்ஸும் கோவனும் அமெரிக்காவின் சவானா ரிவர் அணு உலையருகே கண்டறிந்தனர். எதிர்நியூட்ரினோ புரோட்டானை மோத, நியூட்ரானும் பாசிட்ரானும் பிறக்கும். இவற்றின் கூட்டு நிறை புரோட்டானைவிட 1.804 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் கூடுதல். தேவைப்படும் ஆற்றலோ 1.806. உந்தம் மாறாதிருக்க, விளைந்த துகள்கள் சிறிதேனும் நகர்ந்தாக வேண்டும். அதற்கான செலவே இந்த வேறுபாடு. உலையிலிருந்து வரும் எதிர்நியூட்ரினோக்களில் பெரும்பகுதி இந்த எல்லைக்குக் கீழேயே நின்றுவிடுகிறது.

இலக்கு இலேசானால் இச்செலவு பெருகும். மியூவானின் நிறை 105.7 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட்தான். மியூவான் நியூட்ரினோ நியூட்ரானை மோதி அதை உண்டாக்க ஏறத்தாழ 110 மில்லியன் போதும். எலக்ட்ரானை மோதினாலோ 10,900 மில்லியன் தேவை. நிறை வேறுபாட்டையே விடையாகக் கொள்ளும் மாணவர் இங்குதான் தவறுகிறார்.

சூரிய நியூட்ரினோ ஆய்வின் போக்கையே பயன்தொடக்க ஆற்றல் தீர்மானித்தது. பொன்டெகோர்வோ 1946இல் முன்மொழிந்த குளோரின்-37 முறையை, ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் 1960களின் இறுதியிலிருந்து ரே டேவிஸ் கையாண்டார். அதன் பயன்தொடக்கம் 0.814 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட். சூரியன் உமிழ்பவற்றில் மிகப் பெரும்பான்மையான புரோட்டான்-புரோட்டான் நியூட்ரினோக்களின் உச்ச ஆற்றலே 0.42, ஆகவே அவை டேவிஸின் குளோரின் தொட்டியைச் சுவடின்றிக் கடந்தன. எல்லையைத் தாண்டியவற்றிலும் எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கே பதிவானது. 1990களில் காலியம்-71 முறை எல்லையை 0.233க்கு இறக்கியது, அப்போதும் பற்றாக்குறை தீரவில்லை.

காரணம், வழியில் எலக்ட்ரான் வகை நியூட்ரினோக்கள் மியூவான், டாவ் வகைகளாக மாறியதே. இம்முறைகளில் பதிவாக, மாறியவை மியூவானையோ டாவையோ உண்டாக்கியிருக்க வேண்டும். அதற்கான ஆற்றலில் பத்திலொரு பங்குகூடச் சூரிய நியூட்ரினோக்களில் பெரும்பாலானவற்றிடம் இல்லை. கனடாவின் சட்பரி ஆய்வகம் கனநீரைப் பயன்படுத்தி இச்சிக்கலைத் தீர்த்தது. டியூட்டிரானைப் புரோட்டானாகவும் நியூட்ரானாகவும் பிளக்க 2.2 மில்லியன் போதும். அந்த எல்லை மூன்று வகைகளுக்கும் ஒன்றே. 2002இல் வெளியான அந்த அளவீட்டின் மொத்த எண்ணிக்கை, சூரிய மாதிரியின் கணிப்போடு பொருந்தியது.